தேனீ தந்த உமர் தம்பியும் வன்னியின் கணினிப் பிள்ளைகளும்



"எங்கட மகள் கம்பியூட்டர் படிக்கிறா" என்று வாய் நிறையச் சொல்லும் உம்மாமார் இன்று வன்னிப் பெருநிலப்பரப்பில் ஏராளம். வவுனியாவில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வளாகமாக இருந்தது 2021 ஆகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்துவிட்டது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் தொழில்நுட்ப பீடமும் இயங்குகின்றன. பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளைகளுக்குக் கிளிநொச்சியிலேயே இலங்கை - ஜேர்மன் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. பட்டாணிச்சூரிலும் சாளம்பைக்குளத்திலும் தண்ணீரூற்றிலும் உள்ள வீடுகளில் பெண்பிள்ளைகள் மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு இரவு பன்னிரண்டு மணிவரை ஏதோ செய்துகொண்டிருக்கிறார்கள். அல்ஹம்துலில்லாஹ்!

சரி, அந்தப் பிள்ளை தான் கற்றதைத் தமிழில் எழுதுகிறாளா? எழுதி, நாலு பேர் படிக்கும்படி இணையத்தில் வைக்கிறாளா? இப்படிக் கேட்டால் அநேக வீடுகளில் பதில் வருவதில்லை. "எழுதுறதுக்கு அவ என்ன எழுத்தாளரா?" என்று உம்மா கேட்பார். "பொம்பிளப் பிள்ளையின்ட பேர் இன்டர்நெட்டில வரலாமா?" என்று வாப்பா கேட்பார். பிள்ளையோ, "இங்கிலீசில எல்லாம் இருக்குத்தானே" என்று முடித்துவிடுவாள்.

இந்த மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். அவர் பேரறிஞர் அல்லர். பெரிய பதவியில் இருந்தவரும் அல்லர். நம்மைப் போல் கடலோர முஸ்லிம் ஊரொன்றில் பிறந்து, பிழைப்புக்காகத் துபாய் போன ஒரு தொழில்நுட்பவியலாளர். பெயர் உமர் தம்பி.

பழுது பார்க்கும் கையிலிருந்து...

தமிழ்நாட்டில் தஞ்சாவூர் மாவட்டத்துக் கரையோரத்தில் அதிராம்பட்டினம் என்றோர் ஊர். 1953ஆம் ஆண்டு அங்கே பிறந்தவர் உமர் தம்பி அவர்கள். இலத்திரனியல் படித்து, வானொலி, தொலைக்காட்சிப் பெட்டி பழுது பார்க்கும் தொழிலில் இறங்கி, அந்தக் கைத்தொழிலோடு வளைகுடாவுக்குப் போய், பிறகு கணினித் துறைக்கு வந்தவர். பகலில் கம்பனி வேலை. மிஞ்சிய நேரத்தில் தமிழுக்கு வேலை. ஒருவரும் அவரை நியமிக்கவில்லை, சம்பளமும் இல்லை.

அவர் செய்ததைப் புரிந்துகொள்ள, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முந்திய நிலைமையைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். அன்று ஒருவர் கணினியில் தமிழில் எழுதி அனுப்பினால், பெறுபவருடைய கணினியில் அதே எழுத்துரு இருந்தால்தான் படிக்க முடியும். இல்லையென்றால் கட்டம் கட்டமாக அல்லது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். ஒவ்வொரு பத்திரிகையும் ஒவ்வொரு எழுத்துருவை வைத்திருந்தது. ஒன்றைப் படிக்க ஒன்று, மற்றதைப் படிக்க மற்றொன்று என்று இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கணினிக் கடையில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து உட்கார்ந்திருப்பவர் என்ன செய்வார்? எழுந்து போய்விடுவார்.

உமர் தம்பி அவர்கள் 'தேனீ' என்ற யுனிகோடு எழுத்துருவை உருவாக்கினார். அதை இயங்கு எழுத்துருவாகவும் ஆக்கினார். அதாவது, படிப்பவருடைய கணினியில் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டாலும் பக்கத்தோடு சேர்ந்து எழுத்துருவும் வந்து இறங்கிவிடும். விண்டோஸ் 98 கணினிகளில் யுனிகோடு தமிழ் எழுத்துரு உள்ளே வராது. அவற்றை வைத்திருந்தவர்களுக்கு இது பெரிய உதவி. நம் வீட்டு உதாரணமாகச் சொன்னால், கந்தூரிக்குச் சோறு வந்துவிட்டது, சஹனைக் காணோம். மற்றவர்களெல்லாம் "சஹனை நீங்கள் கொண்டு வாருங்கள்" என்றார்கள். உமர் தம்பி சோற்றையும் சஹனையும் ஒன்றாகவே கொண்டுவந்து வைத்தார்.

அத்தோடு நிற்கவில்லை. பழைய எழுத்துருக்களில் இருந்த தமிழை யுனிகோடுக்கு மாற்றும் கருவிகள் செய்தார். இணைய அகராதி வேலையில் பங்குகொண்டார். யுனிகோடு என்றால் என்ன, அது எப்படி வேலை செய்கிறது என்பதைச் சாதாரணத் தமிழில் எழுதி விளக்கினார். கேட்டவர்களுக்குப் பொறுமையாகப் பதில் சொன்னார். ஆக்கியதெல்லாம் இலவசம். 2006ஆம் ஆண்டு ஜூலையில் அவர் காலமானபோது வயது 53. 2010 ஜூனில் கோயம்புத்தூரில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடும் அதனுடன் தமிழ் இணைய மாநாடும் நடந்தபோது அங்கே ஓர் அரங்குக்கு அவருடைய பெயரைச் சூட்டினார்கள்.

அவரைப் போன்றவர்கள் அந்தக் காலத்தில் இன்னும் பலர் இருந்தார்கள். மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு' மென்பொருளை 1980களிலேயே தொடங்கிவிட்டார். சுவிற்சர்லாந்தில் இரசாயன ஆய்வாளராக இருந்த கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தை ஆரம்பித்துப் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றினார். நம் வட பகுதியிலிருந்து ஜேர்மனிக்குப் போன சுரதா யாழ்வாணன், எந்த எழுத்துருவில் இருந்தாலும் யுனிகோடுக்கு மாற்றும் 'பொங்குதமிழ்' என்ற கருவியைத் தந்தார். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்து அமீரகத்தில் கட்டடக் கலைஞராக இருந்த மயூரநாதன் 2003இல் தமிழ் விக்கிப்பீடியாவைத் தொடங்கி, ஆயிரக்கணக்கான கட்டுரைகளைத் தாமே எழுதினார். 2017இல் அதன் கட்டுரைகள் ஒரு இலட்சத்தைத் தாண்டின.

இவர்கள் யாருக்கும் எழுத்து தொழில் அல்ல என்பதைக் கவனியுங்கள். ஒருவர் பழுது பார்ப்பவர், ஒருவர் இரசாயனம் படித்தவர், ஒருவர் வீடு வரைபவர். கண்டியில் வழக்கறிஞராக இருந்த சித்திலெப்பை அவர்கள் 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியதும் இதே வகைதான். தொழில் வேறு இருந்தது. ஆனால் தமக்குத் தெரிந்ததைச் சமூகத்துக்குத் தெரியச் செய்யும் சாதனம் அச்சு என்று கண்டார், கையில் எடுத்தார். பெண்பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டும் என்று அன்றே வாதாடியவரும் அவர்தான்.

எழுத்து மாறினால் அறிவு மறையும்

இந்த எழுத்துரு விஷயத்தை ஏதோ கணினிக்காரர்களின் சங்கதி என்று தள்ளிவிடாதீர்கள். இதன் கசப்பை நாம் ஏற்கெனவே ஒருமுறை குடித்திருக்கிறோம்.

நம்முடைய மூத்தம்மாமார் அறபுத் தமிழில் கிதாபு ஓதினார்கள். மொழி தமிழ், எழுத்து அறபு. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816 - 1898) போன்ற பெரியவர்கள் அந்த எழுத்தில் எழுதிய சட்டக் கிதாபுகள் இலங்கை முஸ்லிம் வீடுகளில் புழங்கின. பாடசாலைக்குப் போகாத பெண்கள்கூட அவற்றைத் தாங்களாகவே வாசித்து விளங்கிக்கொண்டார்கள். இன்று? அந்தக் கிதாபை உங்கள் மகளிடம் கொடுத்தால், குர்ஆன் எழுத்துப் போல் இருக்கிறதே என்று கண்ணில் ஒற்றிக்கொண்டு அலுமாரியில் வைப்பாள். வாசிக்கத் தெரியாது. உள்ளே உள்ள விஷயம் கெட்டுப்போகவில்லை. அதைத் திறக்கும் திறப்புத்தான் தொலைந்துவிட்டது.

வன்னியில் இன்றும் அதே திறப்பைத் தொலைத்துக்கொண்டிருக்கிறோம். எந்தத் தட்டச்சுக் கடையிலும் நெடுங்காலம் 'பாமினி' எழுத்துருதான் ஆட்சி செய்தது. பள்ளிவாசல் நிருவாக சபையின் கடிதங்கள், ஜனாஸா நலன்புரிச் சங்கத்தின் கணக்கு, பாடசாலை ஆண்டு மலர், மீள்குடியேற்றப் பட்டியல்கள் எல்லாம் பாமினியில். பார்வைக்கு அழகான எழுத்துத்தான். ஆனால் பாமினியில் 'உம்மா' என்று அடித்தால், கணினி தன் வயிற்றுக்குள் 'சி, கே, அரைப்புள்ளி, கே, எச்' என்ற ஆங்கிலக் குறிகளைத்தான் வைத்துக்கொள்கிறது. அதன் மேல் தமிழ்ச் சட்டை போட்டிருக்கிறோம், அவ்வளவுதான். சட்டையைக் கழற்றினால் உம்மா இல்லை! இணையத்தில் யாராவது 'உம்மா' என்று தேடினால் அந்தக் கோப்பு அகப்படாது. எழுத்துரு இல்லாத கைத்தொலைபேசியில் திறந்தால் வெறும் குப்பை.

யுனிகோடில் அப்படியல்ல. உலகத்து எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி இலக்கம். 'அ' என்ற எழுத்துக்கு 2949. கிளிநொச்சியிலும் அதுதான், கனடாவிலும் அதுதான். சட்டை எதைப் போட்டாலும் ஆள் மாறுவதில்லை. இன்று கைத்தொலைபேசியில் தமிழ் விசைப்பலகையைத் தட்டும் சகோதரிகள் எல்லோரும் தெரிந்தோ தெரியாமலோ யுனிகோடில்தான் எழுதுகிறீர்கள். அந்த வசதி சும்மா வரவில்லை. உமர் தம்பி போன்றவர்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வெட்டிய வாய்க்காலில்தான் அந்தத் தண்ணீர் ஓடுகிறது.

நமக்கு இதில் ஏன் அவசரம்?

1990 ஒக்டோபரை மறந்தவர் நம்மில் யாரும் இல்லை. வட மாகாணத்திலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். குறுகிய அவகாசத்தில் கையில் அகப்பட்டதோடு கிளம்பியவர்கள், காணி உறுதியையும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழையும் எடுத்தார்களா என்பதே கேள்வி. கலியாண அழைப்பிதழையும், பாடசாலை மலரையும், வாப்பாவின் நாட்குறிப்பையும் யார் எடுத்தார்கள்? புத்தளத்தின் கிடுகுக் கொட்டில்களில் நாம் இருந்த அதே ஆண்டுகளில், வன்னியில் இருந்த தமிழ் மக்கள் மின்சாரம் இல்லாமல், பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருளாகி, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். ஏ9 வீதி திறந்தது 2002 ஏப்ரலில். பிறகு மீண்டும் போர். 2009இல் அவர்களும் உடுத்த உடையோடு வந்தார்கள். ஆக, இந்த நிலத்தில் கடதாசி தங்குவதில்லை. இதற்கு மேல் 1981இல் எரிந்த யாழ்ப்பாண நூலகத்தையும் அதன் 97,000 நூல்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்த எரிப்பின் நினைவு இருந்தபடியால்தானோ என்னவோ, ஈழத்துத் தமிழ் இளைஞர்கள் சிலர் 2005இல் 'நூலகம்' என்ற இணைய நூலகத்தைத் தொடங்கினார்கள். இலங்கையில் தமிழில் வெளிவந்த நூல்களும் சஞ்சிகைகளும் பத்திரிகைகளும் பல்லாயிரக்கணக்கில் அதில் சேர்ந்திருக்கின்றன. முஸ்லிம்களின் வெளியீடுகளும் உள்ளன. எந்தக் கட்டணமும் இல்லாமல் கைத்தொலைபேசியிலேயே படிக்கலாம். வீட்டில் பழைய சஞ்சிகைகள், பள்ளிவாசல் மலர்கள் இருந்தால் கறையானுக்குக் கொடுக்காமல் அவர்களுக்குக் கொடுத்து உதவுங்கள்.

ஆனால் பழையதை ஏற்றுவது ஒரு பாதி. மறு பாதி, இன்று தெரிந்ததை இன்றே எழுதி வைப்பது. அதற்குத்தான் கணினி படித்த பிள்ளைகள் வேண்டும்.

அவர்கள் என்ன எழுதலாம்? புதிய போனில் எத்தனை கமெரா என்று எழுதுவதற்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள், அதை விட்டுவிடலாம். வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி, கைத்தொலைபேசிக்கு வந்த இலக்கத்தைக் கேட்டு வாங்கி, சேமிப்பை உருவிவிடும் மோசடி எப்படி நடக்கிறது என்று ஒரு பெண்பிள்ளை எழுதினால் எத்தனை வீடுகள் தப்பும்! வெளிநாட்டு வேலை என்று வரும் போலி விளம்பரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? பிள்ளையின் கைத்தொலைபேசியில் எந்தப் பூட்டை எப்படிப் போடுவது? உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு எடுத்த மாணவிக்குத் தரவுத்தளம் என்ற பாடத்தை, கடைக் கொப்பியை உதாரணமாக வைத்து விளக்கினால் எப்படி இருக்கும்? இங்கிலீசில் எல்லாம் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் முல்லைத்தீவுப் பாடசாலையில் தமிழில் படித்து, தமிழில் பரீட்சை எழுதும் பிள்ளைக்கு அது இல்லாததற்குச் சமம்.

தன்னலமாகப் பார்த்தாலும் இதில் பயன் உண்டு. கிளிநொச்சியிலிருந்து கொழும்புக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். அங்கே கம்பனியில் சொல்லிவிட மாமாவோ மச்சானோ இல்லாத பிள்ளைக்குச் சிபாரிசு யார்? அவளுடைய எழுத்துத்தான். ஒரு சிக்கலை எப்படித் தீர்த்தேன் என்று தெளிவாக எழுதி வைத்திருப்பவரை, சான்றிதழ் மட்டும் வைத்திருப்பவரை விட நம்பலாம் என்று வேலை கொடுப்பவர்கள் நினைக்கிறார்கள். வீட்டிலிருந்தே செய்யக்கூடிய வேலைகள் பெருகிவிட்ட இந்தக் காலத்தில், பெண்பிள்ளைகளுக்கு இது சிறிய விஷயமல்ல.

பெயர் வரலாமா?

இப்போது வாப்பாவின் கேள்விக்கு வருவோம்.

அறபுக் கல்லூரியில் ஸஹீஹுல் புகாரி ஓதிய எவருக்கும் கரீமா அல்மர்வஸிய்யா என்ற பெயர் தெரிந்திருக்க வேண்டும். ஹிஜ்ரி 463இல் மக்காவில் வஃபாத்தான அந்த அம்மையார், புகாரி கிரந்தத்தை அறிவித்தவர்களில் முக்கியமானவர். கத்தீப் அல்பக்தாதி போன்ற பெரும் அறிஞரே அவரிடம் அதை ஓதினார். தம்மிடமிருந்து எடுத்தெழுதிய பிரதியை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் யாரையும் விடமாட்டார் என்பது அவருடைய புகழ். அவருடைய பெயர் இல்லாமல் அந்த அறிவிப்புத் தொடர் இல்லை. பெயரை மறைத்திருந்தால் அவர் சொன்னதை நம்ப யாருக்கு என்ன ஆதாரம்? இன்று வாட்ஸ்அப்பில் பெயரில்லாமல் சுற்றும் மருத்துவக் குறிப்புகளையும் எச்சரிக்கைகளையும் பார்க்கும்போது, நம் முன்னோர் ஏன் யார் சொன்னது என்று முதலில் கேட்டார்கள் என்பது விளங்குகிறது. (மௌலவிமார் சிலரும் அவற்றை அப்படியே அனுப்பிவிடுகிறார்கள் என்பது வேறு கதை.)

ஆகவே பெயர் வருவதில் குற்றமில்லை. ஆனால் வாப்பாவின் பயம் முழுவதும் வீண் என்றும் சொல்ல மாட்டேன். அதில் இரண்டு பயங்கள் கலந்திருக்கின்றன. ஒன்று, பெண்பிள்ளையின் படத்தை எடுத்து இழிவுபடுத்துவார்களோ என்பது. மற்றது, முஸ்லிம் பெயரோடு எழுதினால் வழக்கில் மாட்டுவோமோ என்பது.

இரண்டாவது பயத்துக்குக் காரணம் உண்டு. 2020 ஏப்ரலில், சமூக வலைத்தளத்தில் எழுதிவந்த ஓய்வுபெற்ற அரச அலுவலர் ரம்ஸி ராஸிக் கைது செய்யப்பட்டார். இனவெறுப்புக்கு எதிரான போராட்டத்தைப் பேனாவாலும் விசைப்பலகையாலும் நடத்த வேண்டும் என்ற கருத்தில் எழுதியதற்காக ஐந்து மாதம் தடுப்பில் இருந்தார். அதே ஆண்டு மே மாதம், மன்னார் மாவட்டத்தைச் சேர்ந்த இளம் ஆசிரியரும் கவிஞருமான அஹ்னாப் ஜஸீம், தம்முடைய தமிழ்க் கவிதை நூலை வைத்துப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டார். பிணை கிடைத்தது 2021 டிசம்பரில். இதையெல்லாம் பத்திரிகையில் படித்த வாப்பா, மகளின் விசைப்பலகையைப் பார்த்துப் பயப்படாமல் என்ன செய்வார்?

ஆனால் கதையின் மறு பாதியையும் அவர் படிக்க வேண்டும். 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம், ரம்ஸி ராஸிக்கைக் கைது செய்தது அடிப்படை உரிமை மீறல் என்று தீர்ப்பளித்து நட்டஈடும் வழங்கச் சொன்னது. அடுத்த மாதமே புத்தளம் மேல் நீதிமன்றம் அஹ்னாபை விடுதலை செய்தது. எழுதியவர்கள் தவறு செய்யவில்லை என்பது அவர்களுடைய எழுத்தே சாட்சி நின்று நிரூபணமானது. என்றாலும் இழந்த மாதங்களை யார் திருப்பித் தருவார்? 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் என்று இன்னொன்றும் நிறைவேறியிருக்கிறது. எனவே கண்ணை மூடிக்கொண்டு எழுதச் சொல்ல முடியாது. இன்னாரைப் பற்றி இன்னது நடந்தது என்று உறுதியில்லாமல் எழுதக் கூடாது. கேட்டதை எழுதாமல் செய்து பார்த்ததை எழுத வேண்டும். தரவுத்தளத்தையும் கடவுச்சொல்லையும் பற்றி எழுதுகிற பிள்ளைக்கு இந்தச் சட்டங்களால் வரும் ஆபத்து மிகக் குறைவு என்பதே என் அபிப்பிராயம்.

முதலாவது பயத்துக்கு மருந்து நம் கையிலேயே இருக்கிறது. பெயர் போதும், படம் வேண்டாம். தொலைபேசி இலக்கம், வீட்டு விலாசம், அடையாள அட்டை இலக்கம், பிள்ளைகளின் பாடசாலைப் பெயர் எதுவும் வேண்டாம். தொடர்புக்கு எழுத்துக்கென்றே ஒரு தனி மின்னஞ்சல். முழுப் பெயர் போட மனமில்லையென்றால் புனைபெயர் ஒன்றை எடுத்து அதையே கடைசிவரை வைத்திருக்கலாம். படிப்பவர்கள் அந்தப் பெயரை அறிந்து நம்பத் தொடங்குவார்கள். யாராவது அசிங்கமாக எழுதினால் பதில் எழுதாமல், அதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டு, வாப்பாவிடமோ நானாவிடமோ உடனே சொல்ல வேண்டும். சொன்னால் கணினியைப் பறித்துவிடுவார்கள் என்று பயந்துதான் பல பிள்ளைகள் மறைக்கிறார்கள். பறிக்க மாட்டோம் என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். இதை நான் உம்மாமாருக்கே சொல்கிறேன்.

வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு இன்னொன்றும் உண்டு. வைத்தியசாலையிலோ வங்கியிலோ கணினிப் பிரிவில் இருப்பவர், அங்கே பார்த்த பெயர்களையும் கணக்குகளையும் எழுதக் கூடாது, அது அமானிதம். அந்த நிறுவனத்தின் மென்பொருளை எடுத்து வெளியில் போடவும் கூடாது. தான் கற்ற முறையை எழுதலாம், அங்கே கண்ட இரகசியத்தை எழுதலாகாது. வேலைக்குச் சேரும்போது கையெழுத்திட்ட கடதாசியில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்து, பிறர் எழுதியதை எடுத்துத் தன் பெயரில் போடும் பழக்கம். இப்போது செயற்கை நுண்ணறிவு என்று ஒன்று வந்து, கேட்ட மாத்திரத்தில் பக்கம் பக்கமாகத் தமிழில் எழுதித் தருகிறது. பிள்ளைகள் அதை அப்படியே போட்டுவிடுகிறார்கள். அது எங்கிருந்து கற்றது? மனிதர்கள் எழுதி வைத்ததிலிருந்து. வன்னி முஸ்லிம்களைப் பற்றி நாம் எழுதி வைத்தது கொஞ்சம். ஆகவே அதற்குத் தெரிந்ததும் கொஞ்சம், அதிலும் பிழை நிறைய. உமர் தம்பி தாமே உழைத்துத் தேனீயைச் செய்ததை அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

எங்கே வைப்பது?

எழுதியதை முகநூலில் மட்டும் போட்டால் போதுமா என்று கேட்பார்கள். போதாது. ஒரு காலத்தில் இலவசமாக இடம் கொடுத்த ஜியோசிட்டீஸ் என்ற சேவையில் உலகம் முழுவதும் எத்தனையோ பேர் எழுதிக் குவித்தார்கள். 2009 ஒக்டோபரில் அதை மூடிவிட்டார்கள். கூகுள் பிளஸ் 2019இல் மூடப்பட்டது. வாடகை வீட்டில் மாமரம் நட்ட கதைதான். எனவே எழுதிய ஒவ்வொன்றுக்கும் யுனிகோடில் ஒரு பிரதி சொந்தக் கணினியில் இருக்க வேண்டும், இன்னொன்று வெளியே பென்டிரைவில் இருக்க வேண்டும். பொதுப் பயனுள்ள தகவலென்றால் விக்கிப்பீடியாவில் சேர்க்கலாம். தாமாகத் தொகுத்த சிறு நூலென்றால், பிறர் படி எடுக்கவும் பகிரவும் அனுமதிக்கிறேன் என்று முதற்பக்கத்திலேயே எழுதி, நூலகம் போன்ற ஓரிடத்தில் கொடுத்து வைக்கலாம். கிரியேட்டிவ் காமன்ஸ் என்று அந்த அனுமதிக்கு ஒரு முறையே இருக்கிறது. எழுதியவர் பெயரை எடுக்காமல் யாரும் பகிரலாம் என்பது அதன் சாரம்.

எழுதத் தயங்கும் பிள்ளைக்கு ஆரம்பப் பாடமாக ஒரு வேலை இருக்கிறது. உங்கள் ஊர்ப் பள்ளிவாசல் செயலாளரிடமோ பாடசாலை அதிபரிடமோ பழைய கணினியில் பாமினிக் கோப்புகள் கட்டாயம் இருக்கும். அனுமதி கேட்டு அவற்றின் பிரதியை வாங்கி, மாற்றியில் போட்டு யுனிகோடாக்கிக் கொடுக்கச் சொல்லுங்கள். ஒரு பின்னேரத்தில் நூறு பக்கம் மாற்றலாம். மூலக் கோப்பை அழிக்காமல் பக்கத்திலேயே வைக்க வேண்டும். மாற்றும்போது ஷ, ஹ, ஸ, ஜ போன்ற எழுத்துகள் சிலவேளை இடம் மாறிவிடும். நம்முடைய பெயர்களில் அவைதான் அதிகம் வருபவை என்பதால், பெயர்ப் பட்டியல்களை மட்டும் கரீமா அம்மையார் செய்ததைப் போல் மூலத்தோடு ஒப்பிட்டு வாசிக்க வேண்டும். மூத்தவர் ஒருவரைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு சத்தமாக வாசித்தால் வேலை இன்னும் சுலபம். பிழையான பெயர் காதில் விழுந்ததும் அவரே நிறுத்தி, அது யார், எந்த வளவு, யாருடைய மகன் என்று சொல்லத் தொடங்கிவிடுவார். அதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.